கோவலன் கண்ட மதுரையும் காரைதீவு கேட்ட மதுரையும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொலைக்களத்திலிருந்தோ பாண்டியனின் மன்றத்திலிருந்தோ தமது விசாரணையைத் தொடங்குகின்றனர். கோவலன் மதுரையின் தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதை, நகர வருணனை என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. பெருங்காப்பியத்துக்கு நகர வருணனை வேண்டும் என்ற அணியிலக்கண விதியைச் சுட்டிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின் விதியைச் சுட்டுவதனால், அவ்விதி அவ்விடத்தில் அவ்வாறு கையாளப்பட்டமைக்கான காரணம் விளங்கிவிடுவதில்லை. செல்வத்தை இழந்து, மனைவியைப் புறஞ்சேரியில் நிறுத்திவிட்டு, புதிய நகரொன்றில் வாழ்வைத் தொடங்க வழி தேடும் ஒருவன் அந்நகரத்துள் முதன்முறையாக நுழைகின்றான். அவன் எவற்றைக் காண்கின்றான், எவற்றைக் காணவில்லை என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா நம்முள் எழுந்தது நூலைப் படித்தபோதன்று. காரைதீவில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுவதைக் கேட்டபோதே எழுந்தது. அம்பாறைக் கரையோரத்தில், வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் அமைய, இடையில் இருக்கும் தமிழூர் காரைதீவு. அங்குள்ள கண்ணகை அம்மன் கோயில் கிழக்கிலங்கையின் கண்ணகி வழிபாட்டு மையங்களுள் முக்கியமானது. சடங்கு நாட்களில் அங்கு பாடப்படும் வழக்குரையை வித்துவான் வீ. சீ. கந்தையா பதிப்பிக்க, காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் 1968 இல் வெளியிட்டது. அப்பதிப்பின் காதைப் பெயர்களை இளங்கோவின் காதைப் பெயர்களோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து ஒன்று புலனாகும். வழிநடைக் காதை உண்டு. அடைக்கலக் காதை உண்டு. கொலைக்களக் காதை உண்டு. ஊர்காண் காதை இல்லை. காரைதீவில் இரவிரவாகக் கேட்கப்படும் மதுரைக்குக் கடைத்தெருச் சுற்றுலா கிடையாது.

இவ்வின்மையைப் பாமரர் மறதி என்று கொள்வோர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அதற்கு முன் இளங்கோவின் மதுரையை அணுகிப் பார்ப்போம்.

கோவலன் நகருள் நுழைவதற்குக் கூறும் காரணம் தெளிவானது. அந்நகரத்து வணிகருக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகவும், அதுவரை கண்ணகி கவுந்தியடிகளின் காவலில் இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டே அவன் புறப்படுகின்றான். தனது வர்க்கத்தவர் எங்கிருந்தாலும் தன்னை ஏற்பர் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. இதன் பின்னர் காப்பியம் அவனைக் காவற்காட்டையும் அகழியையும் கடக்கச் செய்து, வாளேந்திய யவனர் காக்கும் வாயிலினூடாக உள்ளே அழைத்துச் செல்கின்றது. கணிகையர் வீதி, பல்வேறு கலங்களும் ஊர்திகளும் விற்கும் அங்காடி வீதி, மணிகளின் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என வீதி வீதியாக அவன் நடக்கின்றான். சந்தியும் சதுக்கமும் சுற்றி, கொடிகளின் நிழலில் வெயில் புகாத வழிகளினூடே திரிந்து, மகிழ்ச்சியோடு புறஞ்சேரிக்கு மீள்கின்றான். அவன் எந்த வணிகனைச் சந்தித்தான்? யாரிடம் தன் நிலையை உணர்த்தினான்? காப்பியம் ஒரு சொல்லும் கூறவில்லை. எதற்காகச் சென்றானோ அது நிகழவில்லை. நிகழாததை அவன் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. கண்ட காட்சியே காரியமாகிவிட்டது.

இன்னுமொரு முரண்பாடு இங்குண்டு. கோவலன் மதுரைக்கு வந்தது கடுங்கோடையில். பகலின் வெம்மைக்கு அஞ்சி இரவில் வழிநடந்து வந்தவர்கள் அவர்கள். அவன் நகரைப் பார்த்தது ஒரே பகலில். ஆயின் காப்பியமோ, செல்வரும் கணிகையரும் துய்க்கும் ஆறு பருவங்களையும் அந்த ஒரு பகலுக்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றது. கூதிர் காலத்தில் மாடங்களின் சிறு சாளரங்களை அடைத்து நெருப்பின் வெதுவெதுப்பில் இருப்பதையும், முன்பனிக் காலத்தில் நிலாமுற்றத்தில் இளவெயில் காய்வதையும் கோவலன் எவ்வாறு கண்டிருக்க முடியும்? கண்டிருக்க முடியாது. எனவே இது அவன் கண்ட மதுரை மட்டுமன்று. மதுரைச் செல்வர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் மதுரையும் ஆகும். புதியவன் தன் கண்களால் பார்ப்பதாக எண்ணுகின்றான். உண்மையில் நகரத்தின் ஆளும் வர்க்கம் காட்ட விரும்புவதையே பார்க்கின்றான். மாதவியின் மனையில் பொருளைத் தொலைத்தவன் புதிய நகரிலும் முதலிற் கண்டு நிற்பது கணிகையர் வீதி என்பதை இளங்கோ எவ்விதக் கண்டனமுமின்றிச் சொல்லிச் செல்கின்றார். அவருடைய மௌனம் இவ்விடத்தில் சில உரைகாரரின் நீதிபோதனையிலும் கூர்மையானது.

இக்காட்சியின் இயல்பை உணர, அதே கவிஞர் புகார் நகரத்தை வருணித்த முறையை நினைவுகூர வேண்டும். இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் இரு பாக்கங்களாகப் பிரித்துக் காட்டப்படுகின்றது. கடலையண்டிய மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், கள் விற்கும் பெண்டிர், பரதவர், உப்பு விற்பவர், எண்ணெய் விற்பவர், வெண்கலம் செய்வோர், செம்பு செய்வோர், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர் எனத் தொழிலே பெயராகக் கொண்ட மனிதர் வரிசை வருகின்றது. பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடி வணிகரின் மாடங்களும் அந்தணர், வேளாளர் இருப்பிடங்களும் அமைகின்றன. வர்க்கப் பிரிவின்படி அமைந்த நகரமே அது. இளங்கோ அதனை எதிர்க்கவில்லை. ஆயினும் பொருளைச் செய்யும் கை அங்கே கண்ணுக்குத் தெரிகின்றது. பொற்கொல்லனும் பல தொழிலாளருள் ஒருவனாக, அயலவனாக இருக்கின்றான்.

மதுரைக்கு வரும்போது இலக்கணமே மாறிவிடுகின்றது. புகாரில் செம்பு செய்பவர் எழுவாயாக நின்றார். மதுரையில் செம்பினால் செய்யப்பட்டவை நிற்கின்றன. அங்கே கஞ்சகாரர், இங்கே கஞ்சத் தொழிற்பொருள். மனிதர் மறைந்து பண்டம் முன்வருகின்றது. மணி வீதியில் ஒவ்வொரு மணியின் நிறமும் குணமும் குற்றமும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. அடியார்க்குநல்லார் இவ்விடத்தில் மணிநூற் செய்திகளை விரித்துரைக்கின்றார். வயிரத்தின் குற்றம் எத்தனை என்பது நமக்குத் தெரிந்துவிடுகின்றது. அதை அகழ்ந்தவன் யார், கடலுள் மூழ்கி முத்தெடுத்தவன் யார் என்பது தெரியவில்லை. பண்டத்தின் மதிப்பு அதன் இயற்கைக் குணம் போலத் தோன்றுவதையும், அத்தோற்றத்தின் பின்னால் மனித உழைப்பின் உறவுகள் மறைந்து கிடப்பதையும் 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் அத்தியாயத்தில் மார்க்ஸ் விளக்கினார். மதுரையை முதலாளித்துவ நகரம் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கும் மார்க்சியத்துக்கும் ஒருங்கே செய்யும் அநீதியாகும். ஆயினும் தொலைதூர வணிகம் வளர்ந்த எந்த நகரத்திலும் இம்மயக்கத்தின் முளையைக் காணலாம்.

ஒப்புமைக்கு ஒன்று கூறலாம். 1842 இல் மான்செஸ்டருக்கு வந்துசேர்ந்த இளைஞரான எங்கெல்சும் ஒரு நகரத்துக்குப் புதியவரே. 1845 இல் வெளியான தமது நூலில் அவர் ஒரு விந்தையைப் பதிவுசெய்தார். புறநகர் மாளிகைகளிலிருந்து வணிக மையத்துக்குச் செல்லும் பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் அடைத்து நிற்பதால், அவ்வழியே நாள்தோறும் போய்வரும் செல்வன், தொழிலாளர் குடியிருப்புகளை ஆண்டுக்கணக்கில் காணாமலே அந்நகரில் வாழமுடியும் என்பதே அது. கடைவீதி என்பது காட்டுவதற்கு மட்டுமன்று, மறைப்பதற்கும் அமைந்தது என்பதை அவர் கண்டார். அயர்லாந்துத் தொழிலாளிப் பெண்ணான மேரி பேர்ன்ஸ் அவரை அக்குடியிருப்புகளுக்குள் அழைத்துச் சென்றார் என்பர். கோவலனுக்கும் அத்தகைய வழிகாட்டி கிடைத்திருக்கக்கூடும். அவனுக்கு இடம் தந்த மாதரி மதுரையை அறிந்தவள். அவன் அவளிடம் எதையும் கேட்டதாகக் காப்பியம் கூறவில்லை.

தொ. மு. சி. ரகுநாதன் தமது ‘இளங்கோ அடிகள் யார்?’ (1984) என்னும் நூலில் சிலப்பதிகாரத்தை வணிக வர்க்கத்தின் நிலையிலிருந்து விளக்க முற்பட்டார். தமிழ் மார்க்சியத் திறனாய்வில் அந்நூல் ஒரு பெரு முயற்சி என்பதில் ஐயமில்லை. வணிகனுக்கும் முடியாட்சிக்கும் இடையிலான முரண்பாட்டை அவர் வலியுறுத்தியது பொருத்தமானதே. ஆயினும் ஊர்காண் காதையை அந்த வெளிச்சத்தில் நோக்கும்போது ஓர் இடைவெளி தென்படுகின்றது. மதுரையின் வணிக வர்க்கம் காப்பியம் முழுவதிலும் கோவலனுக்காக ஒருமுறைதானும் வெளிவரவில்லை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது, இவளுடைய தந்தை யாரென அறிந்தால் நகரத்துச் செல்வர் பெறற்கரிய பொருள் பெற்றவர்போல் எதிர்கொண்டு அழைத்துச் செல்வர், அதுவரைக்கும் இவள் உன் அடைக்கலம் என்கின்றார். அந்த ‘அதுவரை’ ஒருபோதும் முடியவில்லை. பொருளுள்ள வணிகனுக்கு வர்க்க ஒருமை உண்டு. பொருளிழந்தவனுக்கு அது கதை மட்டுமே. வணிக வர்க்கத்தைத் தனியொரு முழுமையாகக் கொண்டதனால் ரகுநாதன் இவ்விரிசலை உரிய அளவுக்கு அழுத்தவில்லை என்பது நமது கருத்து.

உண்மையில் அவர்களைக் குடியேற்றியவள் ஆயர்குலத்து முதுமகள். கொலைக்களக் காதையின் தொடக்கத்தில் தமிழிலக்கியத்தின் மிக எளிய, மிக நிறைவான குடிபுகல் காட்சி ஒன்று உள்ளது. செம்மண் பூசிய சிறு மனை, முன்னே பந்தல், வேலி. மாதரி புதுக்கலங்களைக் கொண்டுவந்து தருகின்றாள். பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைப்பழமும் அரிசியும் தருகின்றாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக விடுகின்றாள். கண்ணகி காய்களை அரிகின்றாள், விரல்கள் சிவக்கின்றன, அடுப்பின் முன் முகம் வியர்க்கின்றது. பெருவணிகன் மகள் உழைக்கும் காட்சி இது. மணி வீதியில் மறைந்த உழைப்பு ஆயர்சேரியில் மீண்டும் கண்ணுக்குத் தெரிகின்றது. கவிஞர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்பதில் பயனில்லை. அவர் நேர்மையாகப் பார்த்தார், பார்த்ததால் எழுதினார்.

அடுத்து, கோவலன் அதே நகரத்துள் இரண்டாம் முறை செல்கின்றான். இம்முறை பார்வையாளனாகவன்று, விற்பவனாக. ஆயர் மன்றத்தில் ஓர் ஏறு அவனை எதிர்த்துப் பாய வருகின்றது. அது தீநிமித்தம் என்பதை அவன் உணரவில்லை. அதை அறியும் அறிவு அவன் குலத்தில் இல்லை என்று காப்பியம் காரணம் கூறுகின்றது. இக்காரணத்தை நாம் நிமித்தத்தின் மீதான நம்பிக்கையாக மட்டும் கொள்ளத் தேவையில்லை. ஒரு சேரியில் வாழ்வோருக்கு அதன் அடையாளங்களை வாசிக்கத் தெரியும். ஒருநாள் விருந்தினனுக்குத் தெரியாது. ஊர் காண்பது வேறு. ஊர் அறிவது வேறு. அவன் முன்பு மகிழ்ந்து நடந்த வீதிகளைக் கடந்து செல்லும்போதே, நூறு கொல்லர் பின்தொடர வரும் அரண்மனைப் பொற்கொல்லனைக் காண்கின்றான். மணி வீதியில் மணிகளின் குற்றங்களைக் கண்டு வந்தவனுக்கு மனிதனின் குற்றம் தெரியவில்லை. பொற்கொல்லன் தன் சிறுகுடிலுக்கு அருகே இருக்கச் சொல்கின்றான். பெருவணிகன் மகன், மாடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்தவன், ஒரு கோயிலின் ஒதுக்குப்புறத்தில் காத்திருக்கும்போதே காவலரால் கண்டுபிடிக்கப்படுகின்றான்.

பொற்கொல்லனைப் பற்றி ஒன்று கூறாமல் செல்ல முடியாது. குற்றம் செய்தவன் ஒருவன். தீர விசாரியாது ஆணையிட்டவன் அரசன். ஆனால் பின்னர் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகின்றது. அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று மாதரி தீயில் பாய்கின்றாள். நகரத்தின் குற்றத்துக்குக் கைவினைஞர் சாதி ஒன்றும் ஆயர்குலக் கிழவியும் விலை செலுத்துகின்றனர். கற்பின் வெற்றி என்று மேடைகளில் முழங்குவோர் இவ்வாயிரவரை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அழற்படு காதையில் கூல வீதியும் தேர் வீதியும் நால்வேறு தெருக்களும் கலங்குகின்றன. அதே தெருக்கள் காப்பியத்தில் மூன்றாம் முறையாக வருகின்றன: முதலில் கண்டு மகிழ்ந்தவை, பின்னர் விற்கச் சென்றவை, இப்போது எரிபவை.

இனிக் காரைதீவுக்கு மீள்வோம். வழக்குரை, சிலப்பதிகாரத்தின் சிதைந்த நாட்டார் வடிவம் என்ற கருத்து நமது பல்கலைக்கழகங்களில் இன்றும் முற்றாக நீங்கவில்லை. உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லாருரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றியது 1892 இல். தற்செயலாக அதே ஆண்டில்தான் காரைதீவில் மயில்வாகனன் என்ற குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாகிய அவர் சென்னையிலும் சிதம்பரத்திலும் இமயமலை மாயாவதியிலும் கொழும்பிலுமாக ஊர்விட்டு ஊர் வாழ்ந்தவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூல், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து பழந்தமிழிசையை மீட்டெடுத்த பேருழைப்பு. அடிகளின் நாட்டம் புகாரின் ஆடரங்கில் நின்றது; மதுரையின் கடைவீதிக்கு வரவில்லை. கண்ணகை கோயிலின் ஊரில் பிறந்தவர் அக்கோயிலின் வழக்குரையையும் அதே நுண்மையோடு ஆராய்ந்திருப்பின் நமது வேலை எவ்வளவோ எளிதாகியிருக்கும்.

வழக்குரை செய்யும் மாற்றங்களுள் இரண்டு நமது விடயத்துக்கு இன்றியமையாதவை. முதலாவது சிலம்பின் வரலாறு. இளங்கோவிடம் சிலம்பு கண்ணகியின் காலில் இருக்கும் ஒரு பொருள். கோவலன் அதனைத் தன் புது வாழ்வின் முதலாகக் கொள்கின்றான். அது எங்கிருந்து வந்தது என்பது கூறப்படவில்லை. வழக்குரையிலோ அச்சிலம்புக்கான மணியைத் தேடி மீகாமன் கப்பலேறுகின்றான். கப்பல் கட்டுவதும் கடலோடுவதும் வெடியரசனோடு பொருவதுமாகக் கதையின் பெரும்பகுதி அதிலேயே செல்கின்றது. சிலம்பு சந்தைக்கு வருமுன்னரே அதன் பின்னாலுள்ள உழைப்பும் குருதியும் கேட்போர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. கடலை நம்பி வாழும் மக்களுக்கு மணி என்பது வீதியில் காட்சிக்கு வைத்த குணமும் நிறமுமன்று; யாரோ கடலோடிக் கொண்டுவந்தது. இத்தகைய கேட்போருக்கு மணி வீதியின் வருணனை எதற்கு? ஊர்காண் காதையின் இன்மை மறதியன்று என்று நாம் கூறியதன் பொருள் இதுவே. பண்டத்தின் காட்சி இருக்கவேண்டிய இடத்தில் பண்டத்தின் வரலாறு அமர்ந்திருக்கின்றது.

இரண்டாவது, கண்ணகி மதுரைக்குப் புதியவள் அல்லள். வழக்குரைக் கதையில் அவள் பாண்டியனின் மனையில் தோன்றி, நகருக்குக் கேடு வரும் என்ற அச்சத்தால் பேழையிலிட்டுக் கடலில் விடப்பட்டவள். வணிகர் கண்டெடுத்து வளர்க்கின்றனர். ஆகவே அவள் மதுரைக்குச் செல்வது குடியேற்றமன்று, மீள்வரவு. சமூக முரண்பாட்டை ஊழாக மாற்றும் புராண முறை இது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தன்னை வெளியேற்றிய ஊருக்கு அந்நியராக மீண்டு வருதல் என்ற அனுபவம் இக்கரையோர மக்களுக்குப் புராணம் மட்டுமன்று. 1990 இன் வன்செயல்களில் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் ஊர்களை விட்டோடி, மீண்டபோது தம் வளவுகளையே அடையாளம் காணாது நின்றனர்.

சிலம்பு யாருடைய பொருள் என்பதும் இங்கு வேறு பொருள் பெறுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதையும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதையும், மணமகனே மனைவியின் வீட்டுக்குக் குடிபோவதையும் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்துள்ளார் (2008). இங்கே புதிய இடத்தில் குடியேறிப் பழகவேண்டியவன் ஆண். மைத்துனர்களின் முகக்குறிப்பையும் அயல் வளவுகளின் பழம்பகையையும் அவனே கற்றுக்கொள்ள வேண்டும். அத்தகைய சமூகத்தில், கணவன் மனைவியின் காற்சிலம்பை எடுத்துக்கொண்டு அறியாத நகரில் விற்கப் போகின்றான் என்று பாடப்படும்போது, அது கற்பின் கதையாக மட்டும் ஒலிக்க முடியாது. சீதனப் பொருள் கைமாறும் கதையாகவும் ஒலிக்கும். பாண்டியன் மன்றத்தில் சிலம்பு உடைபட்டு, உள்ளிருந்த மணி தெறிக்கும்போது நிறுவப்படுவது கோவலனின் களவின்மை மட்டுமன்று, கண்ணகியின் உடைமையும்தான்.

இதனை வெறும் கற்பனை என்று கருதுவோர் 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். அலை காரைதீவையும் சாய்ந்தமருதையும் மருதமுனையையும் அழித்த பின்னர் புதிய வீட்டுத்திட்டங்கள் எழுந்தன. கடலோரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தோர், வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கிடையே புதிய அயலைக் கற்கத் தொடங்கினர். கடல் கொண்டுபோன வீடு பெண்ணின் சீதனம். அரசு காணி வழங்கும்போது ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் முன்னின்றது. பல இடங்களில் உறுதி ஆணின் பெயருக்கு எழுதப்பட்டது. கிழக்கின் வீடமைப்பையும் சீதனத்தையும் ஆராய்ந்தோர் இதனைப் பதிவுசெய்துள்ளனர். இளங்கோ வாழ்ந்த காலத்துக்கு இதனோடு நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் வைகாசியில் வழக்குரை கேட்கும் பெண்ணுக்குத் தொடர்பு உண்டு. அவள் வீட்டின் உறுதியில் அவள் பெயர் இல்லை.

ஊர்காண் காதைக்கு இக்கரையில் ஈடாக ஏதும் இல்லையா எனின், ஒன்று உண்டு. கண்ணகை வழிபாட்டுப் பாடல்களுள் அம்மன் கோயில்கொண்ட ஊர்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பாடல் ஒன்று வழங்குகின்றது. தம்பிலுவில், காரைதீவு, வீரமுனை, கல்முனை, கல்லாறு, மகிழூர், எருவில், செட்டிபாளையம் என அது கரையோரமாக நகர்கின்றது. மதுரையில் ஒருநாள் மனைகூட நிலைக்காதவள் இத்தனை ஊர்களில் இடம்பெறுகின்றாள். குளிர்த்திச் சடங்கு அவள் கோபத்தைத் தணிக்க நிகழ்வது. நகரை எரித்தவளைக் கிராமங்கள் குளிர்விக்கின்றன. கோவலனின் உலாவில் பண்டங்களின் பட்டியல் இருந்தது. இங்கே குடியிருப்புகளின் பட்டியல் இருக்கின்றது. உழைக்கும் மக்களின் கலையாக்கம் என்று இதனைக் கொண்டாட நமக்கு ஆசை மிகுதி.

ஆயின் கொண்டாடுமுன் இப்பட்டியலையும் நாம் மதுரைப் பட்டியலைப் பார்த்த அதே கண்ணால் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். காரைதீவிலிருந்து கல்முனைக்குப் பெருந்தெருவால் செல்பவன் மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் கடந்தே ஆகவேண்டும். வீடும் கடையும் பள்ளிவாசலும் இடையறாது தொடரும் வழி அது. புதியவனுக்கு எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகின்றது என்பது தெரியாது. உள்ளூரவனுக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும். பாடலோ ஒரு கோயிலூரிலிருந்து அடுத்த கோயிலூருக்குத் தாவிவிடுகின்றது. வழிபாட்டுப் பாடல் தன் கோயில்களைத்தானே பாடும் என்பது சரியான விடையே. எங்கெல்ஸ் கண்ட மான்செஸ்டர்ச் செல்வனும் தன் அலுவலுக்குத் தேவையான வழியில்தான் போனான். ஒரே தாய்வழிக் குடிமுறையையும் ஒரே சீதன வீட்டையும் ஒரே வயல்வெளியையும் கொண்ட இரு மக்கள், ஒருவர் ஊரை மற்றவர் காணாமலே கரையின் நீளத்தைப் பாடி முடிக்க முடிந்திருக்கின்றது.

நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் இக்கரை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டுள்ளார். காரைதீவிலிருந்து நிந்தவூர் நடந்து போகும் தூரம். வீ. சீ. கந்தையாவின் வழக்குரைப் பதிப்பையும் முத்துமீரானின் தொகுப்புகளையும் ஒருங்கே வைத்து, சீதனம், வீடு, கடல், பிரிவு ஆகியவை பற்றிய சொற்களை ஒப்பிடும் வேலையை நமது மாணவர் ஒருவர் மேற்கொள்ளலாம். நாம் பயன்படுத்தும் நூலகத்தில் அவை வெவ்வேறு தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று சைவசமயம் என்ற பிரிவிலும் மற்றது நாட்டாரியல் என்ற பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளது.